கைத்தராசில் ஒரு துவக்கு

எங்கள் சமையலறைச் சுவரில், தேத்தண்ணிக் கோப்பைகளுக்குப் பக்கத்து ஆணியில், ஒரு கைத்தராசு தொங்குகிறது. கொழும்புக்குப் போகும் பெட்டிகளை நிறுக்க வாங்கியது. பெட்டியின் கைப்பிடியில் கொளுவித் தூக்கினால் சின்னத் திரையில் கிலோ தெரியும். லண்டன் ஹரோவில் எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் இப்படி ஒன்று இருக்கிறது. அதில் துவக்கு நிறுத்தவர்கள் நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

போன கோடைகாலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. நானும் அம்மாவும் மாதா கோவில் பூசைக்குப் போய்வந்து, எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தோம். அப்பா படிக்குக் கீழே இருக்கும் இரும்பு அலுமாரியைத் திறந்து துவக்கை எடுத்தார். உள்ளே தோட்டா இல்லை என்று தானும் பார்த்து எனக்கும் காட்டினார். பிறகு அதன் தோள்வாரில் தராசின் கொளுக்கியை மாட்டினார். தூக்கியது நான். அப்பாவின் இரண்டு கைகளும் துவக்குக்கு ஒரு சாண் கீழே, பிள்ளையை ஏந்தப்போகிறவருடைய கைகள் போல விரிந்தபடி காத்திருந்தன.

“நாலு கிலோ தொளாயிரத்து எண்பது,” என்றேன்.

“ஐஞ்செண்டு எழுது,” என்றார் அம்மா, பாத்திரம் கழுவியபடி. “இருபது கிராமுக்கு இஞ்சை ஆரும் திறந்து பாக்கமாட்டினம்.”

“விக்கேக்கை சரியான நிறையைத்தான் சொல்லவேணும்,” என்றார் அப்பா.

விற்பது என்ற பேச்சு அந்த மாதம்தான் தொடங்கியிருந்தது. வசந்தத்தில் அப்பாவுக்கு நெஞ்சைத் திறந்து இதயத்தில் சத்திரசிகிச்சை செய்தார்கள். வெட்டிய நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டி மூடினார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நடக்கலாம், பிறகு மேடு ஏறலாம், பாரம் தூக்குவதை மட்டும் பார்த்துப் பார்த்துக் கூட்டவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பா வீட்டுக்கு வந்து முன்னறை யன்னலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். இருந்தவர் எழும்பவில்லை. வீடுகளுக்குப் போய்லர் பூட்டும் தன் வேலைகளை ஒவ்வொன்றாகக் கூட்டாளிகளுக்குக் கைமாற்றிவிட்டார். நடக்கச் சொன்னால் பின்வளவுப் படலை வரை போய்வந்து, “நடந்தாச்சு” என்பார். ஒருநாள் லண்டனின் கிழக்கே செவன் கிங்ஸில் இருக்கும் சிநேகிதரோடு அவர் தொலைபேசியில் பேசியது என் காதில் விழுந்தது.

“இல்லை மச்சான், நான் இனிப் போகேல்லை. தூக்கிக் காவ ஏலாதவனுக்குத் துவக்கு என்னத்துக்கு? அதைக் குடுத்திட்டு லைசன்சையும் திருப்பி அனுப்பப்போறன்.”

எனக்குப் பயம் வந்தது. துவக்கை நினைத்து அல்ல. இந்த மனிதர் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பத் தொடங்கிவிட்டார் என்பதால்.

அப்பா வேட்டைக்காரர். இதைச் சொன்னால் லண்டனில் தமிழரும் வெள்ளைக்காரரும் ஒரே மாதிரித்தான் பார்க்கிறார்கள். மன்னாரிலிருந்து புறப்பட்டு நோர்வேயின் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். அங்கே இலையுதிர்காலம் வந்தால் தொழிற்சாலையில் பாதிப்பேர் காட்டுக்குள் போய்விடுவார்கள். இறைச்சி சுமக்க ஆள் தேவை என்று முதல் வருடம் அவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் அவர் நோர்வேஜிய மொழியிலேயே வேட்டைப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தார். வேட்டைத் துவக்கு வேறு, சண்டைத் துவக்கு வேறு என்பதை அம்மா ஏற்றுக்கொள்ள அதைவிட அதிக காலம் எடுத்தது. நாங்கள் லண்டனுக்கு மாறியபோது, வேண்டிய அனுமதிகள் எல்லாம் எடுத்து, அந்தத் துவக்கும் எங்களுடன் மாறியது.

கென்ட் பக்கம் ஒரு பண்ணைக்காரரின் காட்டில் மான் பெருகி, நட்ட கன்றுகளையெல்லாம் தின்கிறது. தொகையைக் குறைக்க அப்பாவுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார். டிசம்பரில், நத்தாருக்கு முன்னால் ஒரு பெண்மான் எங்கள் வீட்டுக்கு வரும். ஊரில் சில வீடுகள் சேர்ந்து ஒரு கிடாயை வாங்கிப் பங்கு போடுவார்களே, அதே முறையில் அப்பா பங்கு போடுவார். சமையலறை நிலத்தில் பொலித்தீன் விரித்து, கோவிலில் பழகிய குடும்பங்களின் எண்ணிக்கைக்குக் குவியல்கள் வைப்பார். தொடையிலும், நெஞ்சிலும், எலும்பிலும் ஒவ்வொரு குவியலுக்கும் கொஞ்சம் போகவேண்டும். கண் அளவு போதாதென்று கைத்தராசில் பையைக் கொளுவியும் பார்ப்பார். ஈரல் மட்டும் பங்கில் சேராது. அது சுட்டவருக்கு. அதில் அம்மாகூடக் கைவைக்கமாட்டார்.

நான் இயந்திரப் பொறியியல் படித்தவள். விமான இருக்கைகள் செய்யும் நிறுவனமொன்றில் வேலை. கார்பன் நாரும் பிசினும் வைத்து இருக்கைச் சட்டங்களில் கிராம் கிராமாக நிறை குறைப்பதுதான் என் நாளாந்த வேலை. “நீ ஒரு சீற்றிலை நானூறு கிராம் குறைப்பாய், எங்கடை சனம் அதிலை இருந்துகொண்டு மூண்டு கிலோ கருவாடு கொண்டுபோகும்,” என்பது அப்பாவின் பழைய பகிடி. அந்தப் பகிடியையும் அவர் விட்டுவிட்டிருந்தார்.

எதையும் பட்டியல் போட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு. மனம் குழம்பினால் இன்னும் நீளமாகப் போடுவேன். அப்பாவின் நிறை தாங்கும் அளவைக் கூட்ட என்னால் முடியாது. துவக்கின் நிறையைக் குறைக்க முடியும். அதனால்தான், விற்பதற்கென்றாலும் நிறை தெரியவேண்டும் என்று சொல்லி, அந்த ஞாயிற்றுக்கிழமை அதை அலுமாரியிலிருந்து எடுக்கவைத்தேன்.

அடுத்த வாரங்களில் பின்னேரமெல்லாம் அதே வேலைதான். புதிதாக ஒன்று வாங்குவது என் திட்டத்தில் இல்லை. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் நடுப்பகுதி அந்தத் துவக்கின் உயிர். அது அப்படியே இருக்கவேண்டும். மற்றதெல்லாம் பேசித் தீர்க்கலாம். தோளில் வைக்கும் வால்நட் மரக்கட்டைக்குப் பதிலாகக் கார்பன் கட்டை. நீண்ட தடித்த குழலுக்குப் பதில் கட்டையான மெல்லிய குழல். பென்னாம்பெரிய தொலைநோக்கிக்குப் பதில் சின்னது. குழல் வாயில் பூட்டும் சத்தங்குறைப்பான் மட்டும் கட்டாயம் வேண்டும். காரணம், துவக்கு இலேசாக ஆக அதிகமாக உதைக்கும். உதைக்கும் இடத்துக்கு ஒரு கையளவு தள்ளித்தான் கம்பியால் கட்டிய எலும்பு இருந்தது. சத்தங்குறைப்பான் உதையையும் கொஞ்சம் விழுங்கும்.

அது போதுமா என்று தெரியாமல் இதயப் பிரிவுத் தாதியிடம் தொலைபேசியில் கேட்டேன். “என் அப்பா எப்போதிலிருந்து துவக்கு சுடலாம்?” “யாரை?” என்று கேட்டார் அவர். மான் என்று சொன்னதும் பெரிதாகச் சிரித்துவிட்டு, வைத்தியரிடம் விசாரித்து, அடுத்த நாளே திருப்பித் தொலைபேசி எடுத்தார். எலும்பு பொருந்தியது பரிசோதனையில் தெரிந்தபின் சுடலாம், மெதுவாகத் தொடங்கவேண்டும், ஐந்து கிலோவுக்கு மேல் தோளில் வைத்து நடப்பதை இந்த வருடம் மறந்துவிடவேண்டும். இவ்வளவையும் ஆறுதலாக, திருப்பித் திருப்பிச் சொன்னார். அந்தக் குரலுக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவள்.

ஐந்து கிலோ. துவக்கு, பை, சாப்பாடு எல்லாம் சேர்த்து. துவக்கு மட்டுமே அவ்வளவு இருந்ததே.

கடைசியில் என் பட்டியலில் துவக்கு மூன்று கிலோவுக்குக் கீழே வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தாளில் அச்சடித்து அப்பாவின் மடியில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போய்லர் படம் பார்ப்பதுபோல் விரலால் வரிவரியாகத் தொட்டு வாசித்தார். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அங்கே ‘பை’ என்று தலைப்புப் போட்ட இன்னொரு பட்டியல் இருந்தது.

“துவக்குக்கு முண்டு குடுக்கிற ரெண்டு கால் எங்கை?”

“பையுக்கை, அப்பா.”

“தோள்வார்?”

“அதுவும் பையுக்கை.”

“தோட்டா? தொலைநோக்கி மூடி?”

நான் ‘பை’ என்ற தலைப்பை விரலால் காட்டினேன்.

“பிள்ளை, உது கட்டுநாயக்கா எயாப்போட்டிலை பெட்டி மாத்திற வேலையெல்லே?” என்றார் அப்பா. “பெரிய பெட்டி கூடிப்போச்செண்டு நடுவழியிலை திறந்து, கையிலை கொண்டுபோற பையுக்கை தள்ளிப்போட்டு, நிறை குறைஞ்சுபோச்செண்டு சிரிக்கிறது. பிளேனுக்கு எல்லாம் ஒண்டுதானே?”

விமானத்தின் நிறையைப் பற்றிச் சம்பளம் வாங்கிக்கொண்டு யோசிக்கிறவள் நான். எங்கள் சனம் எல்லா விமானநிலையத்திலும் செய்யும் வேலையை, அட்டவணை போட்டு, தசமப் புள்ளியோடு செய்திருந்தேன். சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

“அந்தப் பை ஆற்றை தோளிலை?” என்று கேட்டார்.

“என்ரை தோளிலை. நானும் வாறன்.”

அப்பா கண்ணாடியைக் கழற்றி மடித்தார். “எனக்குப் பின்னாலை ஒராள் சாமான் காவிக்கொண்டு வரவேணுமெண்டால் நான் போகேல்லை. நோர்வேயிலை எண்பது வயதுக் கிழவனும் தன்ரை பையைத் தான்தான் கொண்டுவருவான்.” தாளை என்னிடமே தந்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

துவக்கையாவது நான் சுமக்கிறேனே, காட்டில் அவருக்குப் பக்கத்தில் நின்று சுமப்பதைச் சட்டம் தடுக்கவில்லை என்று வாசித்துச் சொன்னேன். சட்டம் தடுக்கவில்லை, தான் தடுக்கிறேன் என்றார். தன் துவக்கை இன்னொருவர் கையில் கொடுத்து நடப்பதில்லை என்பது அவருடைய விதி. அப்போதுதான் எனக்குக் கணக்கு வேறு மாதிரித் தெரிந்தது. பையை யாரும் தூக்கலாம். துவக்கை அவர் ஒருவர்தான் தூக்குவார். எனவே அது அவர் தூக்கக்கூடியதாக இருக்கவேண்டும். முதலில் அது நடக்கட்டும், பையைப் பற்றிப் பிறகு சண்டை பிடிக்கலாம்.

ஆனால் அந்தத் துவக்கை வீட்டிலிருந்து துவக்குத் திருத்துபவரிடம் கொண்டுபோக எனக்கு அனுமதி இல்லை. லைசன்ஸ் வைத்திருப்பவர்தான் கொண்டுபோகவேண்டும். “விக்கிறதெண்டாலும் அந்த ஆளிட்டைத்தான் காட்டவேணும். நீங்கள் வராமல் ஏலாது,” என்றேன். அது உண்மைதான். அப்பா முகம் மழித்து, வெளுத்த சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு, வைத்தியசாலைக்கு அல்லாமல் அவர் வெளிக்கிட்டது அதுதான் முதல் தடவை. அவரை யன்னலுக்குப் பக்கத்திலிருந்து எழுப்பிய சட்டத்துக்கு மனதுக்குள் நன்றி சொன்னபடி கார் ஓட்டினேன்.

துவக்குத் திருத்துபவர் ஒரு நெட்டையான ஆங்கிலேயர். வீட்டுக்குப் பின்னால் பட்டறை. எண்ணெய் மணம். அப்பாவின் துவக்கை வாங்கி, திறந்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்றார். பிறகு, “இதிலிருந்து உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டார்.

விலை என்று அப்பா சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அப்பா என்னைப் பார்த்தார், துவக்கைப் பார்த்தார். “நானே தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும்,” என்றார் ஆங்கிலத்தில்.

அந்த மனிதர் தலையாட்டினார். வேறு கேள்வி கேட்கவில்லை. என் தாளை வாங்கி வாசித்தார். கார்பன் கட்டை ஒன்றை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதைத் தோளில் வைத்துப் பார்த்தார். இறக்கி, விரல் கணுவால் தட்டினார். டொக் டொக் என்று வெறும் வாளிபோலக் கேட்டது.

“மரக்கொப்பு ஒண்டு முட்டினால் காடு முழுக்கக் கேக்கும். மான் எனக்கு டாட்டா காட்டிப்போட்டுப் போகும்,” என்றார் என்னிடம். நான் மொழிபெயர்த்தேன். அந்த மனிதர் சிரித்து, உண்மைதான், பலர் இதையே சொல்கிறார்கள் என்றார்.

அந்த இடத்தில் என் தொழில் கைகொடுத்தது. உள்ளே வெறுமையாக இருப்பதால்தான் சத்தம். இருக்கைச் சட்டங்களுக்குள் நாங்கள் நிரப்பும் இலேசான நுரையை இதற்குள்ளும் நிரப்பினால் சத்தம் செத்துவிடும். நிறை நூறு கிராம்கூட ஏறாது. மூன்று பேரும் பட்டறை மேசையைச் சுற்றி நின்று பேசத் தொடங்கினோம். உதையை வாங்க, கட்டையின் பின்னால் தடித்த இறப்பர் வைக்கவேண்டும் என்றார் அவர். தோள்வார் பைக்குள் போகாது, துவக்கிலேயே இருக்கவேண்டும் என்றார் அப்பா. நான் பென்சிலால் கூட்டிக்கொண்டு வந்தேன். என் அழகான மூன்று கிலோ கண் முன்னே உடைந்துபோனது. ஒவ்வொரு கிராமையும் சந்தோசமாகத் திருப்பிக் கொடுத்தேன். அப்பா அந்த வெறும் கட்டையைப் பேச்சு முடியும்வரை கீழே வைக்கவில்லை.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் நெரிசல். அப்பா சொன்னார்:

“நல்ல மனுசன். ஆனா விலை ஒண்டும் சொல்லேல்லை.”

“நீங்கள் கேக்கேல்லையே, அப்பா.”

“ஓமென்ன,” என்றார். “மறந்துபோனன்.”

அலுவலகத்தில் மேலதிகாரியிடம், வெட்டி எறியும் நுரைத்துண்டுகளில் கொஞ்சம் எடுக்கலாமா என்று கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். இரண்டு நாள் கழித்து என் மேசையில் ஒரு பை நிறைய நுரை இருந்தது, ‘அப்பாவுக்கு’ என்று எழுதி ஒட்டியபடி. அவர் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர். அதை நினைக்கும்போதெல்லாம் இன்னும் ஒருமுறை நன்றி சொல்லத் தோன்றும்.

நெஞ்செலும்பு பொருந்திவிட்டது என்று வைத்தியசாலையில் சொன்ன பிறகு, இலையுதிர்காலத் தொடக்கத்தில் துவக்கு தயாரானது. எடுத்து வந்ததும் அப்பா நேராகச் சமையலறைக்குப் போய்க் கைத்தராசில் கொளுவினார். இந்த முறை அவரே தூக்கினார். மூன்று கிலோ முந்நூற்றுப் பத்து.

“இது துவக்கோ, விளக்குமாறோ?” என்றார் அம்மா. அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

முதல் வெடிக்கு, சுட்டுப் பழகும் திடலுக்குப் போனோம். அப்பா நிலத்தில் படுத்துக் குறிவைத்தார். நான் குறியைப் பார்க்கவில்லை. அப்பாவின் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணக்கு எல்லாம் சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை. சத்தங்குறைப்பானுக்குள்ளால் ஒரு கைதட்டல்போல வெடி போனது. அப்பா அப்படியே படுத்திருந்தார்.

“அப்பா?”

“பொறு பிள்ளை. சுகமாக் கிடக்கு,” என்றார். “சும்மா தோளிலை தட்டினமாதிரி.”

அம்மா தொலைபேசியில் காத்திருந்தார். கையில் செபமாலை இருந்திருக்கும்.

“வெடிச்சதோ?”

“ஓம் அம்மா.”

“ஆளோ, துவக்கோ?”

“துவக்குத்தான்.”

“சரி, அப்ப சோறு வைக்கிறன்.”

பையின் சண்டை மட்டும் மிச்சம் இருந்தது. பெண்மான் சுடும் பருவம் தொடங்கியது. டிசம்பரில், காட்டுக்குப் போவதற்கு முதல்நாள் பின்னேரம் அப்பா சமையலறை மேசையில் தன் சாமான்களைப் பரப்பினார். கத்தி, கயிறு, கையுறை, இருகண் தொலைநோக்கி, துவக்கின் இரண்டு கால்கள், மழைக்கோட்டு. அம்மா தன் பங்குக்கு இடியப்பப் பார்சல், சம்பல் டப்பா, தேத்தண்ணிப் பிளாஸ்க், மடு மாதா கோவிலின் தீர்த்தப் போத்தில் எல்லாம் கொண்டுவந்து வைத்தார். அப்பா எல்லாவற்றையும் ஒரே பைக்குள் அடைத்து தராசில் கொளுவினார். திரையில் தெரிந்ததை நான் வாசிக்கவில்லை. துவக்கோடு சேர்த்தால் ஐந்து கிலோவைத் தாண்டும் என்று மூவருக்கும் தெரிந்தது.

அப்பா பிளாஸ்கை எடுத்துக் கோட்டுப் பொக்கற்றுக்குள் வைத்தார்.

“பொக்கற்றுக்கை வைச்சால் நிறை இல்லையோ?” என்றார் அம்மா. “மகளுக்குச் சொன்னியள் பெட்டி மாத்திற வேலையெண்டு. இப்ப நீங்கள் செய்யிறது என்ன?”

“எனக்குக் காவ ஏலும்.”

“ஏலும், ஏலும். கொழும்புக்கு ஆரும் போகினம் எண்டு கேள்விப்பட்டால், ‘தங்கச்சி, உங்கடை பெட்டியிலை ரெண்டு கிலோ இடம் இருக்கோ’ எண்டு முதல் ஆளாப் போன் எடுக்கிறது ஆர்? லூயிஷாமிலை முகம் தெரியாத ஆக்களிட்டையும் கேட்டனீங்கள். அதுக்கு வெக்கம் இல்லை. சொந்தப் பிள்ளையிட்டைக் கேக்கத்தான் வெக்கமோ?”

“அது பெட்டி, அப்பா.” அம்மாவை அவர் ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுவார், அம்மாவும் அவரை அப்படித்தான்.

“இது என்ன, சிலுவையோ? சிலுவையெண்டாலும் வழியிலை ஒராள் கைகுடுத்துத் தூக்கினவர்தானே. ஆண்டவரே வேண்டாமெண்டு சொல்லேல்லை.”

அப்பா பையை மூடினார். நான் என் பையில் ஒரு தண்ணீர்ப் போத்தில் மட்டும் போட்டு, மிச்ச இடத்தை வெறுமையாக விட்டேன். அதை அவர் பார்த்தாரா தெரியாது.

விடிகாலையில் பண்ணை முற்றத்தில் காரை நிறுத்தினோம். புல்லில் பனி வெள்ளையாகக் கிடந்தது. காடு ஒரு சரிவான வயலுக்கு மேலே, இன்னும் இருட்டாக நின்றது. அப்பா துவக்கைத் தோளில் கொளுவினார். அது அவருடைய முதுகில் ஒரு பாரமாகவே தெரியவில்லை. பிறகு குனிந்து பையின் வாரைப் பிடித்தார். பாதி உயரம் தூக்கினார். அப்படியே நின்றார். சரிவைப் பார்த்தார்.

நான் காருக்கு மற்றப் பக்கத்தில் நின்று சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதாகப் பாவனை செய்தேன். இப்போது நான் கையை நீட்டினால் அவர் காருக்குள் ஏறிவிடுவார் என்று எனக்குத் தெரியும். துவக்கு திரும்பவும் அலுமாரிக்குள் போகும். அதற்குப் பிறகு அதை எடுக்கவைக்க எந்தப் பட்டியலாலும் முடியாது.

பை மெல்ல நிலத்தில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

“பிள்ளை.”

“என்னப்பா?”

“உன்ரை பையிலை ரெண்டு கிலோ இடம் இருக்கோ?”

எங்கள் வீட்டுத் தொலைபேசியில் பலநூறு தரம் கேட்ட அதே வசனம், அதே இழுவை. நான் என் பையைத் திறந்தேன். அந்தக் கேள்விக்கு எங்கள் சனத்திடம் ஒரே பதில்தான் இருக்கிறது.

“கருவாடு இல்லையெண்டால் தாங்கோ,” என்றேன்.

அப்பா பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். கயிறு, கால்கள், மழைக்கோட்டு, இடியப்பப் பார்சல். இரண்டு கிலோ என்று கேட்டவர் எப்போதும்போல நாலு கிலோ ஏற்றினார். தீர்த்தப் போத்திலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

“இதை நான் கொண்டுவாறன். இல்லாட்டி கொம்மா கேப்பா.”

சரிவை மெதுவாக ஏறினோம். இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார். இரண்டு தரமும் எனக்கு இளைக்கிறதா என்று என்னிடம் கேட்டார். காட்டின் ஓரத்தில் விழுந்து கிடந்த மரம் ஒன்றின் பின்னால் கன நேரம் இருந்தோம். துவக்கின் கட்டை கொப்பில் முட்டியது ஒருமுறை. ஒரு சத்தமும் இல்லை. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். என் தொழிலில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான். பிறகு மூடுபனிக்குள்ளிருந்து மூன்று பெண்மான்கள் வந்தன. அப்பா ஓரத்தில் நின்றதைத் தெரிந்தெடுத்தார். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வெடி. அது நின்ற இடத்திலேயே விழுந்தது. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். நோர்வேயில் பழகியதோ, கோவிலில் பழகியதோ, நான் கேட்டதில்லை.

மானைக் கீழே கொண்டுவரப் பண்ணைக்காரர் தன் வண்டியோடு வந்தார். அப்பாவைக் கண்டதும் இறங்கிவந்து கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

நத்தாருக்கு முந்திய கிழமை சமையலறை நிலத்தில் பொலித்தீன் விரிந்தது. அப்பா வாங்கில் இருந்தபடி சொல்ல, நானும் அம்மாவும் குவியல் வைத்தோம். இந்த முறை குவியல்கள் கூடிவிட்டன. துவக்குத் திருத்தியவருக்கு ஒன்று. தாதிக்கு ஒன்று கொடுக்கலாமா என்று கேட்டார். வைத்தியசாலையில் இறைச்சி வாங்கமாட்டார்கள் என்றேன், அப்படியானால் கேக் கொண்டுபோவோம் என்றார். நுரை தந்தவர் மரக்கறிக்காரர் என்றதும், “பாவம், நல்ல மனுசன்,” என்று உண்மையாகவே கவலைப்பட்டார். அவருக்கும் கேக்தான். ஒவ்வொரு பையாகத் தராசில் கொளுவினோம்.

எல்லாம் முடிந்ததும் அம்மா ஈரலைக் கோப்பையில் போட்டு, வழக்கம்போல அப்பாவுக்கு முன்னால் வைத்தார். அப்பா அதை என் பக்கம் தள்ளிவிட்டார்.

“அது சுட்டவருக்கெல்லே?” என்றேன்.

“முதல் வருசம் நான் சுடேல்லை. இறைச்சி காவத்தான் போனனான்,” என்றார் அப்பா. “கீழை வந்தாப்பிறகு சுட்ட நோர்வேக் கிழவன் ஈரலை என்ரை கையிலைதான் தந்தவன். காவினவன் இல்லாமல் வேட்டை இல்லையெண்டு சொன்னவன். இவ்வளவு நாளும் அதை மறந்துபோனன்.”

அம்மா சட்டியை அடுப்பில் வைத்து, மிளகுத்தூளை எடுத்தார். அப்பா எழும்பித் தராசைத் துடைத்து ஆணியில் கொளுவினார். அடுத்த மாதம் செவன் கிங்ஸ் சிநேகிதர் கொழும்புக்குப் போகிறாராம். அவரிடம் கேட்கவேண்டும், இரண்டு கிலோ இடம் இருக்கிறதா என்று.